கள்ளத்தோணி என்ற சொல்லுக்குச் சாதி உண்டு

மலையகத் தமிழர்களை இலங்கையில் நெடுங்காலம் 'கள்ளத்தோணி' என்று திட்டினார்கள். யாழ்ப்பாணத்துப் பெரிய வீடுகளில் அவர்களுக்குத் 'தோட்டக்காட்டான்' என்று இன்னொரு பெயர் இருந்தது. இந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். பலர் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தியக் குடியுரிமைச் சட்டம் இவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்கிறது. கள்ளத்தோணி என்ற வசவை அரசிதழ் நடையில் எழுதினால் இப்படித்தான் வரும்.

ஈழத்தமிழர் பற்றிப் பேசாத கட்சி நம் ஊரில் இல்லை. ஆனால் 'ஈழத்தமிழர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மலையகத் தமிழர் எங்கே நிற்கிறார்கள், அவர்களின் தாத்தா பாட்டி எந்தச் சேரியிலிருந்து கப்பல் ஏறினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நான் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். மலையகத் தமிழர் நாடற்றவர்கள் ஆனதில் இனத்துக்கும் மொழிக்கும் பங்கு இருந்த அளவு சாதிக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் அவர்களுக்குக் குடியுரிமை கேட்டால், கொடுக்க வேண்டிய கடனைத் தர்மமாகக் கேட்பது போல ஆகிவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம். 2025 நவம்பர் 4 முதல் வீடு வீடாகப் படிவம் வந்தது. 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயரோ உங்கள் பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில் இருந்தது என்று அதில் எழுத வேண்டும். சொந்த வீட்டில் இரண்டு தலைமுறையாக இருப்பவருக்கு இது பத்து நிமிட வேலை. பெரும்பாக்கத்தில் இருப்பவருக்கு? கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடிசைகளை இடித்து, குடும்பங்களை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களின் பழைய தெருவே இன்று இல்லை. இல்லாத தெருவின் பாக எண்ணை எங்கே போய்த் தேடுவது? டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் பெரும்பகுதி 'இடம் மாறியவர்கள்' என்ற கணக்கில் போனது. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டுதான். ஆனால் அந்த 'இடம் மாறியவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசே இடித்து, அரசே வண்டி வைத்துக் கொண்டுபோய் விட்டவர்களும் அந்தக் கணக்கில் இடம் மாறியவர்கள்தான்.

படிவம் நிரப்ப உதவிக்கு வந்த கீழ்க்கட்டளை மாணவி ஒருத்தி, மேடவாக்கம் சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது கேட்டாள்: "அக்கா, நாம இந்த ஊர்ல பொறந்தவங்கன்னு நாமளே ஏன் நிரூபிக்கணும்? இல்லைன்னு சொல்றவங்கதானே நிரூபிக்கணும்?"

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் போனால் குடியுரிமை போய்விடாது, படிவம் 6 கொடுத்துச் சேர்ந்துகொள்ளலாம் என்று அவளுக்கு விளக்கினேன். அது சட்டப்படி சரியான பதில். ஆனால் அவள் கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதுதான் அவள் கேட்டது. அந்தப் பொறுப்பைக் கூலிக்காரன் தலையில் தூக்கி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு, கடல் தாண்டி நம் சொந்தக்காரர்களின் வரலாறு இருக்கிறது.

மலையகத்துக்குப் போனவர்கள் யார்? திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளின் நிலமற்ற கூலிகள். பெரும்பான்மையோர் பறையர், பள்ளர், சக்கிலியர். 1843இல் கம்பெனி அரசு அடிமைமுறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. பண்ணையடிமைக்குக் காகிதத்தில் விடுதலை கிடைத்தது, ஒரு காணி நிலம் கிடைக்கவில்லை. பிறகு தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. கண்டிச்சீமையில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கங்காணி ஊருக்குள் வந்தபோது, போனவர்கள் ஆசைப்பட்டுப் போனார்கள் என்று சொல்வதைவிட, ஊரில் தங்களுக்கு எதுவும் இல்லை என்பதால் போனார்கள் என்பதே சரி. கங்காணி பெரும்பாலும் அவர்களுக்கு மேல்சாதிக்காரன். முன்பணம் கொடுத்து, கடனைத் 'துண்டில்' எழுதி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் துண்டோடு ஆளையும் மாற்றினான். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்ததில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களின் கணக்கை யாரும் முழுதாக எடுக்கவில்லை. காப்பி இலைநோயில் அழிந்தது, தேயிலை வந்தது, காடு மலை எல்லாம் தோட்டமானது. ஊரில் சேரி என்று இருந்தது அங்கே லயம் என்று ஆனது.

இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தைத் தாங்கி நின்றது இவர்கள் உழைப்பு. 1947 தேர்தலில் இவர்களுக்கு வாக்கு இருந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் தோட்டத் தொழிலாளர் வாக்கு உதவியது. சுதந்திரம் வந்த அதே 1948இல், குடியுரிமைச் சட்டம் எண் 18 வந்தது.

அந்தச் சட்டத்தைச் சட்டம் படிக்கும் தோழர்கள் ஒருமுறை எடுத்து வாசிக்க வேண்டும். தமிழர் என்ற சொல் அதில் இல்லை. இந்தியர், தோட்டத் தொழிலாளி என்ற சொற்களும் இல்லை. வம்சாவளியால் குடிமகன் என்றால் உன் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எல்லோருக்கும் பொதுவான விதிதான்! லயத்தில் பிறந்தவனிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் எங்கே போவான்? கொழும்பில் பிறந்த எத்தனையோ சிங்களவரிடமும் அந்தக் காகிதம் இருந்திருக்காது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானியர் வதிவோர் சட்டம், பிறகு தேர்தல் சட்டத் திருத்தம் என்று வரிசையாக வந்து வாக்குரிமையும் போனது. கோடாக்கன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல், இந்தச் சட்டங்கள் எந்தச் சமூகத்தையும் குறிவைக்கவில்லை, குடிமகன் யார் என்று வரையறுப்பது நாடாளுமன்றத்தின் உரிமை என்ற அடிப்படையில் அங்கேயும் தோற்றது. அந்த மக்கள் தங்கள் வாக்கால் மலையகத்திலிருந்து மீண்டும் ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப 1977 வரை ஆனது.

இதை நான் வலியுறுத்தக் காரணம், சாதியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. 'இங்கே தலித்துக்கு வீடு இல்லை' என்று எந்த வீட்டு உரிமையாளரும் பலகை வைப்பதில்லை. சைவம்தானே சாப்பிடுவீர்கள், சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பொதுவான கேள்விகள்தான். நம்மை மட்டும் வெளியே நிறுத்தும்.

அன்றைய தமிழ்த் தலைமை என்ன செய்தது? ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 செப்டம்பரில் அந்த அரசாங்கத்திலேயே அமைச்சரானார். செல்வநாயகம் இதை எதிர்த்துப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவரை மதிக்க வேண்டும். ஆனால் ஒரு சமூகமாக யாழ்ப்பாணத்து வேளாள மேட்டுக்குடி இதைத் தன் வீட்டு இழவாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாததில் வியப்பும் இல்லை. தன் ஊர்ப் பஞ்சமர்களைக் கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் விடாத சமூகம் அது. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்டோர் 1968இல் போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் நுவரெலியா லயத்தில் இருக்கும் பள்ளருக்கும் பறையருக்கும் வாக்குப் போனதற்காக ஊரடங்கு நடத்துவார்கள் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை.

இனி இந்தியா. இங்கேதான் நம் ஆட்களுக்கே தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் உறுப்பு என்ன சொல்கிறது? பெற்றோரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்து, வெளிநாட்டில் வாழ்பவர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமகனாகலாம் என்கிறது. குடியுரிமை உறுப்புகளைப் பேசும்போது, வேறொரு உறுப்பைத் தவிர வரைவுக்குழுவுக்கு இவ்வளவு தலைவலி கொடுத்தது எதுவும் இல்லை என்று அம்பேத்கர் 1949 ஆகஸ்டு 10 அன்று அரசமைப்பு அவையில் சொன்னார். அப்படித் தலைவலிப்பட்டு எழுதிய பகுதியில் மலையகத் தொழிலாளிக்கு ஒரு கதவு இருந்தது. நேரு அரசு அவர்களை இலங்கையின் பொறுப்பு என்றது. இலங்கை அவர்களை இந்தியாவின் பொறுப்பு என்றது. நேருவின் நிலைப்பாட்டில் ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. பிறந்து உழைத்த நாடுதான் குடியுரிமை தர வேண்டும் என்பது சரியான கொள்கை. ஆனால் அந்த நியாயம் அவர் போன பிறகு ஆறு மாதம்கூட நிற்கவில்லை.

1964 அக்டோபர் 30. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பங்கு பிரித்தார்கள். ஏழுக்கு நாலு என்ற விகிதத்தில், சந்தையில் மாடு பிரிப்பது போல. சம்பந்தப்பட்ட மக்களிடம் கேட்கவில்லை. அவர்களின் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் சொன்ன எதிர்ப்பும் எடுபடவில்லை. ஐயர், முதலியார், செட்டியார் என்று ஒன்பது லட்சம் பேர் ஒரு நாட்டில் சிக்கியிருந்தால் டெல்லியும் சென்னையும் இப்படித் தலையெண்ணிப் பிரித்திருக்குமா? என் கேள்வி சிலருக்குக் கசக்கலாம். கொழும்பில் வணிகம் செய்த இந்தியர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள். அவர்களுக்குக் கடவுச்சீட்டும் ஊரில் வீடும் இருந்தன, திரும்பி வந்தார்கள். லயத்துக்காரனுக்கு இரண்டும் இல்லை.

திரும்பி வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 'தாயகம் திரும்பியோர்' என்று அழகான பெயர் கிடைத்தது. குடும்ப அட்டையும் கொஞ்சம் கடனுதவியும் கிடைத்தன. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயை இவர்களுக்காக வளர்த்தார்கள். மூன்று தலைமுறை தேயிலை பறித்தவர்களை, தாயகத்துக்கு வா என்று கூப்பிட்டு, மறுபடியும் தேயிலை பறிக்க விட்டார்கள். கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர்த் தோட்டம். ஆக, இரண்டு அரசுகளுக்கும் இவர்கள் கூலிகள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அங்கே இந்தியாக்காரன் என்றவர்களை இங்கே சிலோன்காரன் என்றார்கள். கர்நாடகத்திலும் கேரளத்திலும் குடியேறியவர்களுக்கு இன்னொரு சிக்கல். பட்டியல் சாதித் தகுதி மாநிலம் தாண்டிக் கூட வராது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. தீண்டாமை மட்டும் மாநில எல்லையில் இறங்கி நிற்பதில்லை.

ஒப்பந்தக் கணக்கு முடியாமலே நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, தோட்டத்தில் பெயர் வெட்டப்பட்டு, கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் ஏராளம். 1977இலும் 1983இலும் இனக்கலவரம். மலையகத்திலிருந்து அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினார்கள். அங்கே பெரும்பாலும் பிறர் நிலத்தில் கூலியாக இருந்தார்கள். 1984இல் இராமேசுவரம் - தலைமன்னார் கப்பலும் நின்றது. போர் வன்னிக்கும் வந்தபோது அவர்களுக்கு மிஞ்சியது தோணிதான். சட்டப்படி கப்பலில் கூட்டிவரவேண்டிய மக்கள், கப்பல் நின்றதால் தோணியில் வந்தார்கள். வந்த இடத்தில் தோணியில் வந்தது குற்றமானது.

அவர்களை முதலில் இறக்கிய இடம் மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்ப் பரிசோதனைக்கு அடைத்து வைத்த முகாமும் அதே மண்டபம்தான். பாட்டன் போனதற்கான பதிவும் பேரன் வந்ததற்கான பதிவும் ஒரே ஊரில். அப்புறமும் இவன் யார் என்று தெரியவில்லை என்கிறது அரசு.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெளியே பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் தனி. முகாம்களில் இருப்போரில் ஏறத்தாழ 29,500 பேர் மலையக வம்சாவளியினர் என்று பேராசிரியர் வி. சூரியநாராயணன் பல ஆண்டுகளாக எழுதிவந்தார். பாதி! நம் மேடைகளில் அந்தப் பாதியைப் பற்றி எத்தனை நிமிடம் பேசியிருக்கிறோம்?

முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒரு உதவித்தொகை. ஆள் சரிபார்ப்பு நாளில் வெளியூரில் இருக்கக்கூடாது. கியூ பிரிவுக் காவலர்கள் எப்போதும் பக்கத்திலேயே. பிள்ளைகள் கல்லூரி வரை படிக்கிறார்கள். முடித்தவர்கள் பலர் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள், ஏனென்றால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் குடியுரிமை வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய் ஒதுக்கி வீடு கட்டித் தருவதாகச் சொன்னதும், 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியதும் நல்ல காரியங்கள். வீடு நல்லது. ஆனால் அந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு நாடு இல்லை.

நம் அமைப்புகள் கவனிக்காத ஒன்று உண்டு. குடியுரிமை இல்லை என்றால் பட்டியல் சாதிச் சான்றிதழின் பயனும் இல்லை. முகாமில் இருக்கும் ஒரு அருந்ததியர் வீட்டுப் பெண்ணுக்கு உள் ஒதுக்கீடு இல்லை, மத்திய அரசின் உதவித்தொகை இல்லை. அவள் பாட்டி எந்தச் சாதியால் ஊரைவிட்டுப் போனாளோ அந்தச் சாதியின் பாரம் பேத்திக்கு வந்து சேர்ந்தது. அதற்கான ஈடு மட்டும் வரவில்லை.

சட்டம் எப்படி அடைக்கிறது என்று பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பால் குடிமக்கள். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு என்றால் ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இல்லாமல் வந்த எவரும் சட்டவிரோதக் குடியேறி என்பது 2003 திருத்தம். அப்படிப்பட்டவர் பதிவு மூலமும் குடிமகனாக முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்தத் தடையைப் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு நீக்கியது. முஸ்லிம்கள் அதில் இல்லை. இலங்கையும் அதில் இல்லை. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதைக் கவனியுங்கள். இந்துக்களின் தாய்வீடு இந்தியா என்று பேசியவர்களுக்கு, கூலிவேலை செய்யும் சேரி இந்து நினைவுக்கு வரவில்லை.

நீதிமன்றக் கதவு ஒன்றிரண்டு முறை திறந்தது. 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், இவர்கள் இந்திய வம்சாவளியினர், இவர்களை முடிவில்லாமல் முகாமில் நாடற்றவர்களாக வைத்திருப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்கு எதிரானது என்று சொல்லி, புதிதாக விண்ணப்பிக்கவும் மத்திய அரசு அதைப் பரிசீலிக்கவும் உத்தரவிட்டார். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் தன் பிறப்புச் சான்றிதழை வைத்துப் போராடி, 2022இல் நீதிமன்ற உத்தரவு பெற்றுக் கடவுச்சீட்டு வாங்கினார். 2024 ஏப்ரலில் திருச்சியில் வாக்களித்தார். முகாமிலிருந்து வாக்களித்த முதல் ஆள் என்று செய்தி வந்தது. பிறந்தபோதே குடிமகளாக இருந்தவர் அதை நிரூபிக்க 36 ஆண்டு ஆனது. கீழ்க்கட்டளை மாணவியின் கேள்விக்கு இவரும் ஒரு பதில்.

2025 மே மாதம், வேறொரு இலங்கைத் தமிழர் வழக்கில், உலகத்தின் அகதிகளை எல்லாம் தாங்க இந்தியா தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்ற நீதிபதி வாய்மொழியாகச் சொன்னார். அந்த ஆள் தண்டனை பெற்றவர், வழக்கின் தன்மை வேறு. ஆனால் அந்தச் சொல் எல்லோர் மேலும் விழுந்தது. செப்டம்பரில் உள்துறை அமைச்சகம், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பதுதான் அதன் பொருள். குடியுரிமை பற்றி அதில் ஒரு வரி இல்லை.

இதைச் சொன்னால் தமிழ்த்தேசியத் தோழர்கள் கோபிப்பார்கள். "அழிந்துகொண்டிருக்கும் இனத்துக்குள் சாதியைக் கொண்டுவந்து பிரிக்கிறீர்கள்" என்பார்கள். தொப்புள்கொடி உறவு என்பது மேடையில் நன்றாக ஒலிக்கும் சொல். தொப்புள்கொடியை உண்மையாகத் தேடிப் போனால் அது யாழ்ப்பாணத்துக்குப் போகாது. துறையூர், முசிறி, நாமக்கல், அறந்தாங்கிப் பக்கத்துக் காலனித் தெருக்களுக்குப் போகும். அங்கே இன்றும் கண்டிக்குப் போன பெரியப்பா, சிலோனில் செத்த பாட்டி என்று பேசும் வீடுகள் உண்டு. சாதியைச் சொன்னால்தான் அந்த உறவு தெரிகிறது. சொல்லாவிட்டால் அவர்கள் இரங்கத்தக்க அந்நியர்கள் ஆகிவிடுகிறார்கள்.

தமிழர் யார் என்ற கேள்வியை நம்மவர்கள் புதிதாகவும் எழுப்பவில்லை. 1881 குடிக்கணக்கின்போதே அயோத்திதாசர், தம் மக்களை ஆதித்தமிழர் என்று பதியச் சொல்லிக் கேட்டார். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். தினம் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே போய் மருந்து வாங்குகிறார்கள். அவர் கேட்ட கேள்வி எத்தனை பேருக்குத் தெரியும்? கணக்கெடுப்புக்காரன் நமக்கு என்ன பெயர் எழுதுகிறானோ அதுதான் நாளைக்கு நம் உரிமை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. இலங்கையில் 1911 முதல் 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எழுதினார்கள். அந்த ஒரு சொல் 1948இல் என்ன செய்தது என்று பார்த்தோம். அதனால்தான் அங்கே இளைஞர்கள் இன்று மலையகத் தமிழர் என்ற பெயரை வலியுறுத்துகிறார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள்.

இன்னொரு எதிர்வாதத்தில் உண்மையாகவே எடை இருக்கிறது. இலங்கை 1988இலும் 2003இலும் சட்டம் போட்டு மலையகத்தில் மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது, முகாமில் இருப்பவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்தால் அது இலங்கையைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது ஆகாதா என்று கேட்கிறார்கள். திரும்பிப் போக விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போக வழி வேண்டும். ஆனால் திருச்சியில் பிறந்து, திருச்சியில் படித்து, திருச்சியில் கல்யாணம் செய்த ஒருவரை, அவர் பார்த்தே இராத ஹட்டனுக்குப் போ என்பது 1964இல் செய்த அதே வேலை, திசை மட்டும் வேறு. முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும். 1948இலும் 1964இலும் 1974இலும் அவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள். இந்த முறை கேளுங்கள்.

நாம் வசிக்கும் பகுதிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் எங்கும் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள் கட்டட வேலை செய்கிறார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேர். அவர்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் கணிசம். நம் பையன்களே அவர்களை 'வடக்கன்' என்று சொல்லிச் சிரிப்பதைக் கேட்கிறேன். டொமினிக்கன் குடியரசில் கரும்பு வெட்ட ஹெய்ட்டியிலிருந்து கறுப்பினக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். 2013இல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1929 வரை பின்னால் போய் அந்தப் பிள்ளைகளின் குடியுரிமையைப் பறித்தது. கரும்பானாலும் தேயிலையானாலும் கட்டடமானாலும் வேலை வேண்டும், ஆள் வேண்டாம். நம் பையன்கள் சிரிப்பதற்கு முன் தங்கள் கொள்ளுப்பாட்டி கண்டியில் என்ன பெயரால் அழைக்கப்பட்டாள் என்று தெரிந்துகொண்டால் நல்லது.

1931இல் காந்தியை முதன்முதலாகச் சந்தித்தபோது, தனக்குத் தாயகம் என்று ஒன்று இல்லை என்று அம்பேத்கர் முகத்துக்கு நேரே சொன்னார். அதை நாம் ஒரு உருவகமாக மேற்கோள் காட்டிப் பழகிவிட்டோம். முகாமில் இருப்பவர்களுக்கு அதில் உருவகம் எதுவும் இல்லை.

செய்யக்கூடிய வேலைகளைச் சொல்கிறேன். சட்டம் படிப்பவர்கள் 1987க்கு முன் முகாமில் பிறந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களுக்குப் புதிய சட்டம் வேண்டாம், பிறப்புச் சான்றிதழும் ஒரு வழக்கறிஞரும் போதும். அவர்கள் குடிமக்கள் என்று உறுதியானால், 2004 டிசம்பருக்கு முன் பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கும். ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த குடும்பங்களிடம் பழைய காகிதங்கள், குடும்ப அட்டைகள், தோட்டத்துப் பதிவுகள் இருந்தால் இப்போதே படமெடுத்து வையுங்கள். கறையான் யாருக்கும் காத்திருக்காது. வரலாறும் சமூகவியலும் படிப்பவர்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் ஒரு ரயில் தூரம்தான். சென்னை மாகாண அரசின் குடிபெயர்வு குறித்த ஆணைகள் அங்கே இருக்கின்றன. தங்கள் பாட்டனின் ஊரை நிரூபிக்கும் பொறுப்பை முகாம் குடும்பங்கள் தலையில் வைக்காமல், தமிழ்நாடு அரசே அந்த ஆவணங்களைத் தேடித் தொகுத்து டெல்லிக்கு அனுப்ப வேண்டும் என்பதை நம் மனுவின் முதல் கோரிக்கையாக வைப்போம். மனு வரைவு தயாராகிறது. கையெழுத்து வாங்கப் போகும்போது முகாமுக்கு முதலில் போவோம், கல்லூரிகளுக்குப் பிறகு போகலாம்.